ரீலே கன்டெய்னர் விழுந்தாலும் லாக் தொலையாமல் காப்பது எப்படி

பல செர்வர்களின் லாகை வாங்கி மத்திய செர்வருக்கு அனுப்பும் இடைநிலை நிரல்தான் ரீலே. அது ஓடும் கன்டெய்னர் (நிரலைத் தனியாக ஓட்டும் பெட்டி) விழுகிறது. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் ஒரு விநாடிக்குள் அதைத் திரும்ப எழுப்பிவிடுகிறது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. மூன்று நாள் கழித்து யாராவது அந்த நேரத்து லாகைத் தேடும்போதுதான், நடுவில் சில ஆயிரம் வரிகள் இல்லை என்பது தெரியவருகிறது. பிழைச் செய்தி எங்கேயும் பதிவாகவில்லை. அனுப்பிய செர்வரைக் கேட்டால் அனுப்பியாயிற்று என்கிறது. மத்திய செர்வரைக் கேட்டால் வரவே இல்லை என்கிறது. இரண்டும் உண்மைதான். நடுவில் இருந்த ரீலே, வாங்கி மெமரியில் வைத்திருந்ததோடு போய்விட்டது.

இதைத் தடுக்க ஒரு விதி போதும்: செய்தி டிஸ்கில் எழுதப்படும்வரை ரீலே ஒப்புகை தரக்கூடாது, அந்த டிஸ்க் கன்டெய்னர் போன பிறகும் இருக்க வேண்டும். இந்த விதியை ஆர்-சிஸ்லாக் (லாகை வாங்கி அனுப்பும் நிரல்), டாக்கர் இரண்டையும் வைத்து எப்படிச் செயல்படுத்துவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். அமைப்புப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கான்ஃபிக் கோப்பில் அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே இடுங்கள்.

எங்கே தொலைகிறது

செய்தி போகும் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம். முதல் ஓட்டை, கம்பியிலேயே இருக்கிறது. ஒப்புகை எதுவும் கேட்காத யுடிபி வழியாக அனுப்பினால், ரீலே எழுந்திருக்கும்வரை வரும் பாக்கெட் எல்லாம் வீண். திரும்ப அனுப்ப யாரும் இல்லை. தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் டிசிபி என்றால் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. அனுப்பும் நிரல் எழுதியவுடன் "சரி" என்று சொல்வது அதன் சொந்த கெர்னல்தான் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ரீலே அல்ல. அனுப்புநரின் சாக்கெட் பஃபரிலும் ரீலேயின் சாக்கெட் பஃபரிலும் இன்னும் படிக்கப்படாத செய்திகள் கிடக்கும். ஒரு செய்தி 400 பைட் என்றால், 200 கிலோபைட் பஃபரில் 500 செய்திகள். ரீலே செத்ததும் இணைப்பு அறுகிறது. ஆனால் எந்தச் செய்திவரை போய்ச் சேர்ந்தது என்று அனுப்புநருக்குச் சொல்ல வெறும் டிசிபி சிஸ்லாகில் வழியே இல்லை. சாதாரணத் தபாலைப் பெட்டியில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்தது என்று கணக்கெழுதுவது போலத்தான்.

இரண்டாவது ஓட்டை, ரீலேயின் மெமரி. ஆர்-சிஸ்லாகில் உள்ளே வரும் செய்தி முதலில் முதன்மை வரிசையில் சேர்கிறது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது முழுக்க மெமரியில் இருக்கும் வரிசை. மூன்றாவது, டிஸ்கில் எழுதியும் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத நிலை. இதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம். நான்காவது, கன்டெய்னரின் எழுதும் அடுக்கு. கன்டெய்னரை நீக்கி மறுபடி உருவாக்கும்போது அது சேர்ந்தே போய்விடும்.

எல்லோரும் போடும் செய்முறை ஏன் போதாது

இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும் செய்முறை இது (ஆக்‌ஷன் என்பது செய்தியை வெளியே அனுப்பும் படி, கியூ என்பது வரிசை): ஆக்‌ஷனில் கியூ-டைப் "லிங்க்டு-லிஸ்ட்", கியூ-ஃபைல்நேம் ஏதோ ஒரு பெயர், சேவ்-ஆன்-ஷட்டவுன் "ஆன்", ரெஸ்யூம்-ரீட்ரை-கவுன்ட் "-1". நல்ல செய்முறைதான், ஆனால் வேறு ஒரு நோய்க்கு. மத்திய செர்வர் படுத்துவிட்டால் ரீலே செய்திகளைச் சேர்த்துவைக்க இது உதவும். ரீலேயே விழும்போது உதவாது.

காரணம் எளிது. இந்த வகை வரிசை அடிப்படையில் மெமரி வரிசை. நிரம்பி வழியத் தொடங்கினால் மட்டுமே டிஸ்கைத் தொடும். ஹை-வாட்டர்மார்க் என்ற எல்லை, சொல்லாமல் விட்டால் வரிசை அளவில் 90 சதவீதம். வரிசை அளவு 50,000 என்றால், 45,000 செய்திகள் சேரும்வரை டிஸ்கில் ஒரு வரிகூட எழுதப்படாது. சேவ்-ஆன்-ஷட்டவுன் என்பது முறையாக நிறுத்தும்போது மட்டும் மெமரியில் இருப்பதை டிஸ்கில் இறக்கும். மெமரி இல்லையென்று கெர்னல் கொன்றாலோ, உடனே கொல்லும் சிக்-கில் வந்தாலோ, நிரலே செக்மென்டேஷன் ஃபால்டில் (மெமரிப் பிழை) விழுந்தாலோ, அந்த வேலைக்கு நேரமே கிடையாது. இதைப் போட்டுவிட்டு "டிஸ்க் கியூ இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் இழப்பு அதிகம்.

சரியான அமைப்பு

முதலில் கம்பியை மாற்றுங்கள். ஆர்-சிஸ்லாகை உருவாக்கிய ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் இதே சிக்கலுக்காகக் கொண்டுவந்த நெறிமுறை ரெல்ப். இது பதிவுத் தபால் மாதிரி: ஒவ்வொரு செய்திக்கும் எண் உண்டு, வாங்கியவர் ஒப்புகை தர வேண்டும், ஒப்புகை வராததை அனுப்புநர் மறுபடி அனுப்புவார். டெபியன், உபுன்டுவில் ஆர்-சிஸ்லாக்-ரெல்ப் என்ற தனிப் பொதியாக நிறுவ வேண்டும். இமேஜ் கட்டும்போது இதை மறந்தால், மாட்யூல் கிடைக்கவில்லை என்று தொடக்கத்திலேயே பிழை வரும். ரீலேயில் வாங்கும் மாட்யூலான இம்-ரெல்ப், அனுப்பும் செர்வர்களில் அனுப்பும் மாட்யூலான ஓம்-ரெல்ப். ரீலேயிலிருந்து மத்திய செர்வருக்கும் ஓம்-ரெல்ப்தான்.

ஆனால் ரெல்பைப் போட்டதோடு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். இம்-ரெல்ப் ஒப்புகை தருவது, செய்தியை வரிசையில் சேர்த்தவுடன். அந்த வரிசை மெமரியில் இருந்தால், ஒப்புகை கொடுத்துவிட்டுத் தொலைக்கும் நிலை அப்படியே நீடிக்கும். வெறும் டிசிபியைவிட இது மோசம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் அனுப்புநர் தன் நகலை நம்பிக்கையோடு அழித்துவிடுகிறார். ஆகவே இம்-ரெல்பின் உள்வாயிலை ஒரு தனி ரூல்செட்டோடு (விதித் தொகுப்பு) கட்டி, அந்த ரூல்செட்டுக்கே முழு டிஸ்க் வரிசை தாருங்கள். அப்போது செய்தி முதன்மை வரிசையின் மெமரிக்குப் போகாமல் நேராக டிஸ்குக்குப் போகும். ஒப்புகை அதன் பிறகுதான் கிளம்பும்.

ரூல்செட்டில் இட வேண்டியவை:

கியூ-டைப்: "டிஸ்க்". லிங்க்டு-லிஸ்ட் அல்ல.
கியூ-ஃபைல்நேம்: "ரீலே-கியூ". பெயர் இல்லாவிட்டால் டிஸ்க் வரிசை தொடங்காது.
கியூ-செக்பாயின்ட்-இன்டர்வல்: 1. வேகம் முக்கியமான லாகுக்கு 100. விளக்கம் கீழே.
கியூ-சைஸ்: 5000000. இது செய்தி எண்ணிக்கை. டிஸ்க் வரிசைக்கும் இந்த எல்லை பொருந்தும். இயல்பு அளவில் விட்டால் டிஸ்க் காலியாக இருக்கும்போதே வரிசை "நிரம்பிவிட்டது" என்று நிற்கும்.
கியூ-மேக்ஸ்-டிஸ்க்-ஸ்பேஸ்: 12 ஜிபி. கணக்கு கீழே.
கியூ-மேக்ஸ்-ஃபைல்-சைஸ்: 100 எம்பி.
கியூ-டைம்அவுட்-என்கியூ: 600000.
கியூ-டிகியூ-பேட்ச்-சைஸ்: 128.

டைம்அவுட்-என்கியூ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வரிசை நிரம்பிவிட்டால், புதுச் செய்தியை உள்ளே விட எத்தனை மில்லிவிநாடி காத்திருப்பது என்பது இது. இயல்பு மதிப்பு 2000. அதாவது 2 விநாடி பார்த்துவிட்டு, இடம் கிடைக்காவிட்டால் ஆர்-சிஸ்லாக் அந்தச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிடும். நாம் வேண்டுவது அதற்கு நேரெதிர்: ரீலே திணறினால் ஒப்புகை தாமதமாகட்டும், அனுப்புநர் தன் பக்கத்து வரிசையில் செய்தியைப் பிடித்துவைக்கட்டும். 10 நிமிடம் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். ஓம்-ரெல்ப் 90 விநாடி ஒப்புகைக்குக் காத்திருந்துவிட்டு இணைப்பை அறுத்து மறுபடி முயலும். சில செய்திகள் இரண்டு முறை வரலாம். இரட்டிப்பை ஏற்றுக்கொள்ளலாம், இழப்பை முடியாது.

அதே ரூல்செட்டுக்குள் மத்திய செர்வருக்கு அனுப்பும் ஓம்-ரெல்ப் ஆக்‌ஷன் ஒன்று. அதற்கு ரெஸ்யூம்-ரீட்ரை-கவுன்ட் "-1" கட்டாயம். இயல்பு மதிப்பு 0. அதாவது ஒருமுறை தோற்றால் செய்தியை விட்டுவிடும். ஆக்‌ஷனுக்கெனத் தனி வரிசை வேண்டாம், இயல்பான "டைரக்ட்" நிலையே போதும். ரூல்செட் வரிசையிலிருந்து ஒரு தொகுதியை எடுத்து ஆக்‌ஷன் முடித்த பிறகுதான் அது டிஸ்கிலிருந்து நீக்கப்படுகிறது. ஆகவே மத்திய செர்வர் படுத்திருந்தால் எல்லாம் டிஸ்கிலேயே காத்திருக்கும். ஆக்‌ஷனுக்கு இன்னொரு மெமரி வரிசை கொடுத்தால், டிஸ்கில் பத்திரமாக இருந்ததை எடுத்து மெமரியில் வைத்து, கட்டிய அணையை நாமே உடைத்ததாகிவிடும்.

ஓம்-ரெல்பின் விண்டோ-சைஸ், ஒப்புகை வராமல் ஒரே நேரத்தில் கம்பியில் இருக்கக்கூடிய செய்திகளின் எண்ணிக்கை. சொல்லாமல் விட்டால் லிப்-ரெல்பின் 128. ரீலே திடீரென விழும் நொடியில் நிச்சயமில்லாமல் தொங்குவது இந்தச் சன்னலுக்குள் இருக்கும் செய்திகள்தான். தணிக்கை லாக் போன்றவற்றுக்கு இதைச் சின்னதாக, 1 வரைகூடக் குறைக்கலாம். வேகம் கண்கூடாகக் குறையும். மற்றதற்கு அப்படியே விடுங்கள்.

குளோபல் பகுதியில் வொர்க்-டைரக்டரியை வார்-ஸ்பூல்-ஆர்சிஸ்லாக் கோப்புறைக்குக் காட்டுங்கள். வரிசைக் கோப்புகள் சேரும் ஸ்பூல் கோப்புறை இதுதான். மேக்ஸ்-மெசேஜ்-சைஸையும் அங்கேயே, உள்வாயில்களுக்கு முன்பாக, 64கே என்று ஏற்றிவிடுங்கள். இயல்பு மதிப்பு 8 கிலோபைட். நீளமான ஜாவா ஸ்டாக்-ட்ரேஸ் அதைத் தாண்டும், தாண்டியது வெட்டப்படும். ரீலே விழாமலேயே நடக்கும் இழப்பு அது.

கியூஐ கோப்பு

ஸ்பூல் கோப்புறையைத் திறந்து பாருங்கள். மத்திய செர்வரை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் லாக் அனுப்பினால், அங்கே இப்படி இருக்கும்: ரீலே-கியூ.00000001, ரீலே-கியூ.00000002, அவற்றோடு ரீலே-கியூ.கியூஐ. எண் போட்ட கோப்புகளில் செய்திகள் இருக்கின்றன. கியூஐ கோப்பு சில நூறு பைட்தான், ஆனால் சாவி அதனிடம்: எந்தக் கோப்பில் எந்த இடம்வரை எழுதியாயிற்று, எந்த இடம்வரை படித்தாயிற்று என்ற குறிப்பு அது.

செக்பாயின்ட்-இன்டர்வலின் இயல்பு மதிப்பு 0. அப்படி இருந்தால் இந்தக் குறிப்பு முறையாக நிறுத்தும்போது மட்டுமே எழுதப்படும். ரீலே திடீரென விழுந்தால், செய்திகள் எண் போட்ட கோப்புகளில் முழுசாக இருந்தும், குறிப்பு இல்லாததால் புதிதாக எழுந்த ஆர்-சிஸ்லாக் அவற்றைப் படிக்காது. டிஸ்க் வரிசை போட்டும் தொலைகிறதே என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். மதிப்பை 1 ஆக்கினால் ஒவ்வொரு செய்திக்கும் குறிப்பு எழுதப்படும். இழப்பு நிற்கும், வேகம் வெகுவாகக் குறையும். 100 என்றால், விழும்போது கடைசிக் குறிப்புக்குப் பிறகு வந்த 100 செய்திகள்வரை ஆபத்தில் இருக்கும்.

எல்லா லாகுக்கும் 1 போடத் தேவையில்லை. இரண்டு உள்வாயில் வையுங்கள்: போர்ட் 2515இல் தணிக்கை, உள்நுழைவு, பணப் பரிவர்த்தனை லாக், அதன் ரூல்செட்டுக்கு 1, போர்ட் 2514இல் மற்றவை, அதற்கு 100. இரண்டு வரிசைக்கும் வெவ்வேறு கோப்புப் பெயர் தர மறக்காதீர்கள். முழு டிஸ்க் வரிசைக்கு ஒரே ஒரு வொர்க்கர்தான் வேலை செய்யும் என்பதால், வேகம் கூட்ட இப்படிப் பிரிப்பதே வழி.

ஏற்கெனவே விழுந்து, கியூஐ இல்லாமல் கோப்புகள் மட்டும் கிடக்கின்றன என்றால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். ஆர்-சிஸ்லாகை நிறுத்தி, கோப்புறையை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, மூல நிரலோடு வரும் "ரெக்கவர்-கியூஐ" என்ற பெர்ல் ஸ்கிரிப்டை ஓட்டினால் குறிப்புக் கோப்பைத் திரும்ப உருவாக்கலாம். புது வரிசை அதே பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தால், இருப்பதும் குழம்பும்.

சிங்க்-கியூ-ஃபைல்ஸ் என்று இன்னொரு அமைப்பும் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் டிஸ்குக்கே தள்ளச் சொல்வது. கன்டெய்னர் விழுவதற்கு இது தேவையில்லை: நிரல் எழுதி முடித்தது கெர்னலின் பக்கத் தேக்கத்தில் (பேஜ் கேச்) இருக்கும், நிரல் செத்தாலும் கெர்னல் அதை டிஸ்கில் சேர்த்துவிடும். மின்சாரம் போய் ஹோஸ்டே விழும் வாய்ப்பு உங்கள் இடத்தில் உண்டென்றால் மட்டும் "ஆன்" செய்யுங்கள்.

கன்டெய்னர் பக்கம்

ஸ்பூல் கோப்புறைக்குப் பெயரிட்ட வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே டாக்கர் வைத்திருக்கும் சேமிப்பிடம்) ஒன்றை மவுன்ட் செய்யுங்கள். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வால்யூம் இல்லாமலே வைத்து, கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்து சோதித்தால் வரிசை பத்திரமாக இருக்கும், ஏனென்றால் எழுதும் அடுக்கு ரீஸ்டார்ட்டில் அழிவதில்லை. அடுத்த மாதம் இமேஜ் புதுப்பித்து, டாக்கர் கம்போஸ் அந்தக் கன்டெய்னரை நீக்கிப் புதிதாக உருவாக்கும் நாளில்தான் எல்லாம் போகும். மெமரியில் இருக்கும் டெம்ப்-எஃப்எஸ் மவுன்ட் இன்னும் மோசம், கன்டெய்னர் நின்றாலே காலி. கம்போஸ் டவுன் கட்டளையோடு "-வி" சேர்த்தால் பெயரிட்ட வால்யூமும் அழியும்; ரீலே இருக்கும் ப்ராஜெக்டில் அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

வால்யூமின் உரிமை அடுத்தது. ஆர்-சிஸ்லாக் ரூட் அல்லாத பயனராக ஓடினால், ஸ்பூல் கோப்புறை அந்தப் பயனர் எண்ணின் பெயரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் வரிசை தொடங்க முடியாமல், "அவசரமாக டைரக்ட் நிலைக்கு மாறுகிறேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஓட்டத்தைத் தொடரும். செய்திகள் வழக்கம்போலப் போகும். பாதுகாப்பு மட்டும் இருக்காது. அந்த வரி கண்ணில் பட வேண்டுமென்றால், ஆர்-சிஸ்லாகின் சொந்தச் செய்திகளைக் கன்டெய்னரின் ஸ்டாண்டர்டு-அவுட்டுக்கு அனுப்புங்கள். அந்த வெளியீட்டை ஹோஸ்டின் முகவர் எடுத்து இதே ரீலேக்கே அனுப்பிச் சுழல் உண்டாகாதபடி விலக்கிவையுங்கள்.

தொடக்கக் கட்டளை: ஆர்சிஸ்லாக்-டி, "-என்", "-ஐ நன்". முதலாவது, முன்னணியில் ஓடச் சொல்வது. இரண்டாவது, செயல்முறை எண்ணைக் குறித்துவைக்கும் பிஐடி கோப்பு வேண்டாம் என்பது. இதை விட்டுவிட்டால் நடப்பது: ரீலே திடீரென விழும்போது பிஐடி கோப்பு அழிக்கப்படாமல் எழுதும் அடுக்கில் கிடக்கும், அதில் எண் 1 என்று இருக்கும். கன்டெய்னர் திரும்ப எழும்போது ஆர்-சிஸ்லாக் அதைப் படித்து, 1 என்ற செயல்முறை உயிரோடு இருப்பதைப் பார்த்து (அது தானேதான்), "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று வெளியேறிவிடும். டாக்கர் 100 மில்லிவிநாடியில் தொடங்கி இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே, ஒரு நிமிடம்வரை நீட்டி, எழுப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ரீலே எழவே எழாது.

இந்தக் கட்டளையை ஷெல் ஸ்கிரிப்டுக்குள் போட்டால், கடைசி வரியில் "எக்ஸெக்" சேர்த்து அழையுங்கள். இல்லையென்றால் எண் 1 ஷெல்லுக்குப் போய்விடும், நிறுத்தச் சொல்லும் சிக்-டெர்ம் ஆர்-சிஸ்லாகை எட்டாது. டாக்கர் ஸ்டாப் 10 விநாடி பொறுத்துவிட்டு சிக்-கில் அனுப்பும். ஒவ்வொரு முறையான நிறுத்தமும் ஒரு விபத்தாகிவிடும். அந்த 10 விநாடியை ஸ்டாப்-கிரேஸ்-பீரியடு கொண்டு 60 ஆக்குங்கள். ரீஸ்டார்ட் கொள்கை "அன்லெஸ்-ஸ்டாப்டு".

மெமரி எல்லையைப் பொறுத்தவரை, முழு டிஸ்க் வரிசை வைத்த ரீலேக்கு 256 எம்பியில் தொடங்கி, சில நாள் பார்த்துச் சரிசெய்யலாம். வெளியேறும் குறியீடு 137 வந்தால், டாக்கர் இன்ஸ்பெக்டில் ஓஓஎம்-கில்டு (மெமரி போதாமல் கொல்லப்பட்டது) "ட்ரூ" என்றிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் எங்கோ ஒரு மெமரி வரிசை ஒளிந்திருக்கிறது, பெரும்பாலும் மறந்துபோன ஆக்‌ஷன் ஒன்றில்.

எவ்வளவு இடம்

மத்திய செர்வர் எத்தனை மணி நேரம் படுத்திருந்தால் தாங்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். விநாடிக்கு 500 செய்தி, ஒவ்வொன்றும் 400 பைட் என்றால் விநாடிக்கு 200 கிலோபைட். 8 மணி நேரம் என்பது 28,800 விநாடி, 5.76 ஜிபி. ஆனால் டிஸ்க் வரிசையில் செய்தியோடு நேரம், அனுப்புநர் பெயர், முன்னுரிமை முதலான பண்புகளும் சேர்த்து எழுதப்படுவதால் இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள்: 12 ஜிபி. வால்யூம் இருக்கும் பகிர்வில் அதற்கு மேலும் கால்பங்கு காலியாக இருக்கட்டும். மேக்ஸ்-டிஸ்க்-ஸ்பேஸ் சொல்லாமல் விட்டால் எல்லையே இல்லை. ஒரு நாள் ஹோஸ்டின் டிஸ்கையே நிரப்பி, பக்கத்துக் கன்டெய்னர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். செய்தி எண்ணிக்கையையும் ஒத்துப்பாருங்கள்: 500 பெருக்கல் 28,800 என்றால் 1 கோடியே 44 லட்சம். அப்படியானால் மேலே சொன்ன 50 லட்சம் போதாது, கியூ-சைஸை 1.5 கோடியாக்க வேண்டும். இரண்டு எல்லைகளில் எது முதலில் தட்டுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான கொள்ளளவு.

இலக்குகள் இரண்டு என்றால்

மத்திய செர்வரோடு பாதுகாப்புக் குழுவின் செர்வருக்கும் அனுப்ப வேண்டியிருந்தால், ஒரே ரூல்செட் வரிசையில் இரண்டு டைரக்ட் ஆக்‌ஷன் வைக்காதீர்கள். ஒன்று படுத்தால் இன்னொன்றும் நிற்கும். அப்போது மட்டும் ஒவ்வொரு ஆக்‌ஷனுக்கும் தனி டிஸ்க் வரிசை, தனிக் கோப்புப் பெயர், அதே செக்பாயின்ட் மதிப்பு. இடக் கணக்கும் அதற்கேற்ப ஏறும்.

யுடிபி மட்டுமே தெரிந்த கருவிகள்

சுவிட்ச், ஃபயர்வால், பழைய பிரிண்டர் போன்றவற்றில் ரெல்ப் கிடையாது. ரீலே இல்லாத நேரத்தில் அவை அனுப்பியதை எந்த அமைப்பும் மீட்காது. செய்யக்கூடியது, கேட்கும் காது மூடாமல் வைப்பது: ஹோஸ்டிலேயே சின்ன ஆர்-சிஸ்லாக் ஒன்றை வைத்து யுடிபி 514ஐ அங்கே வாங்கி, அதன் டிஸ்க் வரிசையிலிருந்து ரெல்ப் வழியே ரீலேக்கு அனுப்பலாம். ரீலே கன்டெய்னரை எத்தனை முறை மாற்றினாலும் காது திறந்தே இருக்கும். யுடிபியைக் கன்டெய்னரில்தான் வாங்க வேண்டும் என்றால் ஹோஸ்ட் நெட்வொர்க் நிலையில் ஓட்டுங்கள். பிரிட்ஜ் நெட்வொர்க்கில், புதிதாக எழுந்த கன்டெய்னருக்கு வேறு ஐபி கிடைத்தும், கெர்னலின் கனெக்‌ஷன்-ட்ராக்கிங் பதிவு பழைய ஐபிக்கே பாக்கெட்டை அனுப்பிக்கொண்டிருப்பதுண்டு. ரீலே ஓடுகிறது, சுவிட்ச் அனுப்புகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் கான்ட்ராக் கட்டளையால் யுடிபி 514 பதிவுகளை அழித்துப் பாருங்கள்.

அனுப்பும் செர்வர்களிலும் ஓம்-ரெல்ப் ஆக்‌ஷனுக்கு டிஸ்க் உதவியுள்ள வரிசை, ரீட்ரை "-1" இரண்டும் இருக்க வேண்டும். மேலே குறை சொன்ன செய்முறை இந்த இடத்துக்குப் பொருத்தமானது. ரீலே இல்லாத நேரத்தைத் தாங்குவது அவற்றின் வேலை.

குபர்னெட்டிஸில் ஓட்டுகிறவர்களுக்கு: எம்ப்டி-டிர் வகைச் சேமிப்பு, கன்டெய்னர் விழுந்தால் தாங்கும், பாட் நீக்கப்பட்டால் போய்விடும். ஸ்டேட்ஃபுல்-செட், அதோடு நிலையான வால்யூம் என்று வையுங்கள். டிப்ளாய்மென்ட்டின் ரோலிங் அப்டேட்டில் பழையதும் புதியதும் சில விநாடி ஒரே ஸ்பூலைத் தொடும். ஒரே பெயருள்ள வரிசையில் இரண்டு நிரல் எழுதினால் இரண்டும் கெடும். ஆர்-சிஸ்லாகுக்குப் பதில் சிஸ்லாக்-என்ஜி வைத்திருப்பவர்கள் டிஸ்க்-பஃபரில் ரிலையபிள் "யெஸ்" போட்டு, பஃபர் கோப்புறை, பெர்சிஸ்ட் கோப்பு இரண்டையும் ஒரே வால்யூமில் வைக்க வேண்டும். எந்த பஃபர் கோப்பு எந்த இலக்குக்கு என்ற குறிப்பு பெர்சிஸ்ட் கோப்பில் இருப்பதால், அது போனால் பஃபர் கோப்புகள் அநாதையாகிவிடும்.

கொன்று பார்த்துச் சோதிப்பது

முதலில் "-என்1" கொடுத்துக் கான்ஃபிக்கின் இலக்கணத்தைச் சரிபாருங்கள். பிறகு, அனுப்பும் செர்வரிலிருந்து லாகர் கட்டளையால் 1 முதல் 8000 வரை எண்ணிட்ட செய்திகளைச் சுழலில் அனுப்புங்கள். ஒரு லட்சம் அனுப்பிப் பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம். அந்தச் செர்வரில் லாகை முதலில் வாங்கும் ஜர்னல்-டியின் இயல்பு எல்லை 30 விநாடிக்கு 10,000 செய்தி. அதைத் தாண்டியவற்றை அதுவே கழித்துவிடும், பழி ரீலே மேல் விழும். ஆர்-சிஸ்லாக் அதை இம்-ஜர்னல் வழியாகப் படித்தால் 10 நிமிடத்துக்கு 20,000 என்று இன்னொரு எல்லையும் உண்டு.

ஓட்டம் பாதியில் இருக்கும்போது ரீலேயைக் கொல்லுங்கள். ஆனால் டாக்கர் கில் கட்டளையால் அல்ல. அதை நீங்களே வேண்டுமென்று நிறுத்தியதாக டாக்கர் எடுத்துக்கொண்டு, ரீஸ்டார்ட் கொள்கையைப் பயன்படுத்தாது. கன்டெய்னருக்குள் நுழைந்து எண் 1ஐக் கொல்லவும் முடியாது, உள்ளிருந்து வரும் சிக்-கில்லைக் கெர்னல் பொருட்படுத்தாது. டாக்கர் இன்ஸ்பெக்டில் ஸ்டேட்-பிஐடியைப் பார்த்து, ஹோஸ்டிலிருந்து ரூட்டாக அந்த எண்ணுக்கு "கில் -9" அனுப்புங்கள். நிஜ விபத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்.

இதை மூன்று சூழலில் செய்யுங்கள். மத்திய செர்வர் ஓடும்போது ஒருமுறை. அதை நிறுத்திவைத்து வரிசை நிரம்பிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை. கொன்ற பிறகு கன்டெய்னரை நீக்கி, அதே வால்யூமோடு புதிதாக உருவாக்கி ஒருமுறை. ஒவ்வொரு முறையும் மத்திய செர்வரில் வந்த எண்களை எடுத்து, வரிசைப்படுத்தி, இரட்டிப்பை நீக்கி, 1 முதல் 8000 வரையான பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரட்டிப்பு இருக்கலாம். விடுபட்ட எண்கள் இருந்தால் அவற்றின் எண்ணிக்கையைப் பாருங்கள்: ஆயிரக்கணக்கில் என்றால் வரிசை இன்னும் மெமரியில், 100க்குள் என்றால் செக்பாயின்ட், சன்னல் அளவுக்குள் என்றால் ரெல்ப் விண்டோ, அனுப்பியதில் தொடர்ச்சியாக ஒரு துண்டு முழுதும் இல்லையென்றால் அனுப்பும் பக்கத்து எல்லை.

இரட்டிப்பு தொல்லை தந்தால், செய்தி பிறக்கும் இடத்திலேயே தனி அடையாள எண் ஒன்றைச் சேர்த்து, இலக்குத் தரவுத்தளத்தில் அதையே ஆவண எண்ணாக்குங்கள். ரீலேயில் சேர்த்தால் பயனில்லை, மறுபடி அனுப்பப்பட்டது புது எண்ணோடு வந்துவிடும்.

தினமும் பார்க்க வேண்டியது

இம்ப்-ஸ்டாட்ஸ் மாட்யூலை 60 விநாடி இடைவெளியில் ஓடவிடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வரி தரும்: சைஸ், என்கியூடு, ஃபுல், டிஸ்கார்டட்-ஃபுல், டிஸ்கார்டட்-என்எஃப், மேக்ஸ்-கியூ-சைஸ். டிஸ்கார்டட் இரண்டில் எதுவும் 0ஐத் தாண்டினால் அந்த நிமிடமே எச்சரிக்கை போக வேண்டும். அது ஏற்கெனவே நடந்துவிட்ட இழப்பு. சைஸ் 10 நிமிடம் விடாமல் ஏறினால் மத்திய செர்வரைப் பாருங்கள். இந்த எண்களை அதே ரீலே வழியாக அனுப்பி எச்சரிக்கையை நம்பியிருக்காதீர்கள். ஸ்டாண்டர்டு-அவுட்டுக்கோ வால்யூமில் ஒரு கோப்புக்கோ எழுதி, ஹோஸ்டிலிருந்து படித்துக்கொள்ளுங்கள். ஸ்பூல் கோப்புறையில் எண் போட்ட கோப்பு இருந்து கியூஐ இல்லையா என்று பார்க்கும் நாலு வரி ஸ்கிரிப்டையும், ஆர்-சிஸ்லாக் எழுவதற்கு முன் ஓடும்படி தொடக்க ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் ஆர்-சிஸ்லாகைத் தொடங்காமல், கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடட்டும்.